இளம் தாய்க்குத் துணை போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பிரசவ அறையில் பெண்ணோடு ஒரு துணை இருக்கலாம் என்று தமிழக அரசு மருத்துவமனைகள் 2004-லேயே வழிவிட்டன. வழக்கமாக அம்மாவோ மாமியாரோ அந்த இடத்தில் நிற்பார்கள். பிறந்த வீடு கைவிட்டு, புகுந்த வீடும் ஏற்காத பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு யார் நிற்பார்கள்? அங்கேதான் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் போகிறோம். முதல் பரிசோதனையிலிருந்து குழந்தையின் ஆரம்பத் தடுப்பூசிகள் முடியும்வரை கூட இருப்பதுதான் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களும் நாங்கள் சறுக்கிய படியிலேயே சறுக்குகிறார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், செவிலியரோடு சண்டை போடாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதத் தேவையில்லை.

அவளுக்காகப் பதில் சொல்வது

மருத்துவர் "தலைவலி உண்டா?" என்று கேட்பது அவளிடம். "இல்லை டாக்டர், நன்றாக இருக்கிறாள்" என்று துணைக்கு வந்தவர் முந்திக்கொள்வார். பதின்வயதில் கருவுற்றவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்புவரை போகும் ஆபத்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைவிட அதிகம். அதன் அறிகுறியான "கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது" என்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்ல அவளுக்கு அரை நிமிடமாவது ஆகும். அதுவரை பேசாமல் இருங்கள்.

மருந்து சொல்வது

சொல்லாதீர்கள். கஷாயமும் மருந்துதான்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பதினெட்டு நிரம்பாத பெண் கருவுற்றிருந்தால் விஷயம் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வந்துவிடும். கல்யாணம் ஆகியிருந்தாலும் விலக்கில்லை. தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. மருத்துவமனைக்கும் இதே கடமைதான்.

எங்களோடு இருந்த ஒருவர், பதினாறு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வாக்கைக் கொடுத்தார். கொடுத்ததைக் காப்பாற்றவும் பார்த்தார். கருவுற்றவர்களை அரசு பதிவு செய்து தரும் பிக்மி எண் வாங்கப் போனால் வயது தெரிந்துவிடும் என்று பரிசோதனைக்கே அழைத்துப் போகவில்லை. சத்து மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தார். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சட்டம் சிறுமிகளுக்கு 24 வாரம்வரை இடம் தருகிறது. அந்தப் பேச்சே எழாமல் வாரங்கள் ஓடின. கடைசியில் 108-இல் வந்து இறங்கியபோது ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே, கடுமையான இரத்தசோகை. சேர்க்கைச் சீட்டு எழுதியவர் ஆதாரைக் கேட்டார். சாயங்காலத்துக்குள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. துணைக்கு வந்தவர் பக்கம் அந்தப் பெண் அதன்பிறகு திரும்பவே இல்லை. எங்கள் தொலைபேசி அழைப்பையும் எடுக்கவில்லை. பரிசோதனையும் இல்லை, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்களா என்ற தகவலும் இல்லை.

சட்டம் தெரியாததுகூட எனக்குப் பெரிய குறையில்லை. சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த வாக்கு யாருக்கு இதமாக இருக்கிறது என்று யோசிக்காததுதான் எரிச்சல். "அக்கா, உங்களை நம்புகிறேன்" என்று ஒரு பெண் சொல்லக் கேட்க நமக்குப் பிடித்திருக்கிறது. விலையைக் கொடுப்பவள் அவள்.

அவள் கதையைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: "உன் வயது, உன் பாதுகாப்பு, இவற்றில் என்னால் மறைக்க முடியாத சில உண்டு. யாரிடம் சொல்ல வேண்டியிருந்தாலும் முதலில் உன்னிடம்தான் சொல்வேன். நானும் கூட வருவேன்." சிலர் எழுந்து போய்விடுவார்கள்; போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். வந்தவளுக்கு அவள் உரிமைகளைச் சொல்லுங்கள். வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அவசர சிகிச்சைக்கு முன் காவல்துறைக் காகிதம் எதையும் மருத்துவமனை கேட்கக் கூடாது. கருக்கலைப்பு என்றால், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை வெளியிடாமலே மருத்துவர் தகவல் தரலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவை தெரிந்தால் போலீஸ் என்ற சொல்லுக்கே உள்ள பயம் பாதி குறைகிறது. வழி தெரியாமல் நின்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பாட்டியோடு வார்டில் வாதாடுவது

குழந்தை வந்ததும் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைக்கப் பாட்டி விரலோடு காத்திருப்பார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று அப்போது பாடம் எடுத்தால் ஊர்க்கதைதான் கிளம்பும். ஏழாம் மாதமே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் குழந்தையை அவர் கையில் கொடுக்கலாம், விரலை மட்டும் வாயில் வைக்க வேண்டாம் என்று ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். பெரும்பாலான பாட்டிமார் கேட்பது மரியாதையைத்தான்.

படம் எடுப்பது

கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் கூடாது. சிறுமி என்றால் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

கருத்தடையை வலி நேரத்தில் பேசுவது

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி பொருத்த முடியும் என்பதால் அந்தக் கேள்வி பிரசவ அறையிலேயே வந்துவிடுகிறது. வலியில் புரள்பவள் எதற்கும் தலையாட்டுவாள். எட்டாம் மாதத்திலேயே செவிலியரிடம் அவளை உட்கார வைத்து, என்னென்ன முறைகள் உண்டு என்று கேட்க வையுங்கள். அவள் முடிவை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.