பழைய காரைத் திருத்துவதா, தள்ளிவிடுவதா? மலைநாட்டுக்காரருக்கு ஒரு செய்முறை

ஹட்டனில் ஒரு கராஜ் வாசலில், கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு முழித்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் வரும் அடைப்புத் தகடு), கிளச் பிளேட், முன் ஷொக் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்குவது) இரண்டு, கூலி என்று பாஸ், அதாவது மெக்கானிக், எழுதித் தந்த கணக்கு அது. கார் அப்பாவுடையது, 1990களில் வந்த ஜப்பான் வண்டி. அவர் ஓட்டிய கார் என்ற பாசத்தில் ஒன்றும் யோசிக்காமல், "சரி பாஸ், செய்யுங்க" என்றேன். ஏழு மாதம் போனது. ஒரு மழை நாளில் வட்டவளைப் பக்கம் வரும்போது றோட்டுத் தண்ணீர் என் காலில் தெறித்தது. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால், தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எஞ்சின் புதுசு போல ஓடுகிறது, ஆனால் கால் வைக்கத் தரை இல்லை.

நான் தலைகீழாகச் செய்த வேலையை நீங்கள் நேராகச் செய்யலாம். கார் விஷயம் அதிகம் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டோர்ச்சும் ஒரு சிறு காந்தமும் போதும்.

அதற்கு முன் ஒன்று. "திருத்தும் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு" என்று வெளிநாட்டு ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் ஊரில் பழைய கார் மலிவு, மாற்றுக் காரும் மலிவு. இங்கே இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. வந்த பிறகும் வரிக்கு மேல் வரி. அதனால் இருபது வயதுக் காருக்கும் நல்ல விலை நிற்கிறது, அதை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கப் போனால் அதன் விலையும் மலை போல நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு இங்கே பாதிதான் சரிவரும்.

முதல் படி: எஞ்சினை மறந்துவிட்டு பாடியைப் பாருங்கள்

"தம்பி, எஞ்சின் வேற போடலாம், கியர் பொக்ஸ் வேற போடலாம், பாடி வேற போட ஏலாது" என்று தகட்டு வேலை செய்யும் ஒரு டிங்கர் பாஸ் எனக்குச் சொன்னார். ஓட்டை விழுந்த பிறகுதான் சொன்னார், அது என் நேரம்.

கடற்கரை ஊர்களில் காரைத் தின்பது உப்புக் காற்று. நமக்கு உப்பு இல்லை, ஆனால் ஈரம் காய்வதே இல்லை. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பனிமூட்டம் கலையும் முன்பே மழை வந்துவிடுகிறது. தோட்டத்து மண்பாதையில் அள்ளிய சேறு சக்கர வளைவுக்குள் ஒட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சு வைத்துக் கட்டியது போல மாதக்கணக்கில் கிடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தார்ப்பாயால் மூடி வைக்கிறோமே, அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. மேலே கூரை, பக்கத்தில் காற்று என்றிருந்தால்தான் கார் காயும்.

பார்க்கும் முறை இதுதான். முதலில் காரை நன்றாகக் கழுவி, அரை நாள் காய விடுங்கள். கால்மிதிகளை எடுத்து, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, கீழே கை வையுங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கதவு ரப்பரோ, முன் கண்ணாடி ஓரமோ, தரையோ, பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுத்து டிக்கியில் ஸ்பெயார் வீல் படுக்கும் குழி. அப்புறம் பொனட்டைத் திறந்து, முன் ஷொக்கின் தலை வந்து பிடிக்கும் இடத்தையும் பெட்டரித் தட்டையும் பாருங்கள். கடைசியாகக் கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் அந்தப் பெட்டி போன்ற பகுதி. ஜாக் வைக்கும் இடமும் அங்கேதான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு சொத்தென்று சொல்லும், சில இடத்தில் பொரிந்து கையோடு வரும்.

காந்தம் எதற்கு என்றால், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மூடிய இடத்தைக் கண்டுபிடிக்க. தகட்டில் ஒட்டும், கனத்த பட்டியில் வழுக்கும். புதிதாகக் கறுப்புத் தார் பூசி அடிப்பாகம் பளபளவென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூசியிருந்தால் அது உள்ளுக்குள் வேலையைத் தொடரும்.

கதவு ஓரம், பொனட் நுனி, சக்கர வளைவின் விளிம்பு, இவற்றில் உள்ள துரு அசிங்கம், ஆபத்தில்லை. ஷொக் தலை பிடிக்கும் இடம், சேசிஸ் சட்டம், சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடம், சீட் பெல்ட் நங்கூரம், இவற்றில் அரிப்பு ஓடியிருந்தால் இந்த விளக்கத்தில் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். அந்தக் காரில் இனிக் காசு போடாதீர்கள்.

இரண்டாம் படி: மலையில் ஓட்டிப் பாருங்கள்

கொழும்பில் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தக் காரும் நல்ல பிள்ளைதான். நமக்கு வசதியாகப் பரீட்சை மண்டபம் வீட்டு வாசலில் இருக்கிறது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். எஞ்சின் ஒயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். (சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.) ஸ்டார்ட் செய்து பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். குளிர் ஊரில் காலையில் வெள்ளையாக ஆவி வருவது சாதாரணம், எஞ்சின் சூடேறினால் மறைந்துவிடும். சூடேறிய பிறகும் வெள்ளை தொடர்ந்து, இனிப்பு வாசமும் அடித்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் பக்கம் விஷயம் இருக்கிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. காப்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய கார்களில் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீழ்நாட்டில் டியூன் செய்த கார் உயரத்துக்கு வரும்போது காற்று மெலிவதால் அப்படி ஆகலாம். ஏர் ஃபில்டரும் டியூனிங்கும் போதும்.

ஒயில் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் திரண்டது போல ஒரு கூழ் இருக்கலாம். அதைக் காட்டி, "ஹெட் போச்சு" என்று பயமுறுத்துவார்கள். தினமும் இரண்டு மைல் மட்டும் ஓடி நிற்கும் காரில், நம் குளிரில், நீராவி படிந்தும் அது வரும். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். கம்பியிலும் பால் நிறம், கூலன்ட் போத்தலிலும் ஒயில் படலம் என்றால்தான் கவலை. மூடியில் மட்டும் என்றால் காரை நன்றாகச் சூடேறும்வரை ஒரு நீள ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

இனி ஏற்றம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு, அல்லது நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு, உங்கள் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொள்ளுங்கள், தனியாக ஓட்டினால் உண்மை தெரியாது. மூன்றாவது கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. கருகிய வாசமும் சேர்ந்தால் பிளேட்டின் காலம் முடிந்தது. இழுவை கொஞ்சம் குறைவதைக் குறையாக எழுதாதீர்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். சூட்டு முள்ளை மட்டும் கண்ணில் வைத்திருங்கள். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகைக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கார் தப்புகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் நல்ல எஞ்சினும் கொதிக்கும். ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன் மூடியையும், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்டட்டையும் மாற்றிப் பாருங்கள்.

இறக்கம் இன்னும் முக்கியம். நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு, அல்லது ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு, கியரில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பாதியில் பிரேக் பெடல் பஞ்சு போல இறங்கினால் காரை ஓரம் கட்டுங்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். பெடல் இறங்குவதற்கு அதுவே காரணமென்றால், சில ஆயிரத்தில் முடியும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் கெட்டது என்பதற்காக யாரும் காரை விற்க வேண்டியதில்லை, ஆனால் அதைச் செய்யாமல் அடுத்த வளைவுக்குப் போகவும் கூடாது.

ஹைபிரிட் (பெட்ரோலிலும் பெட்டரியிலும் ஓடும் கார்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிரம்பிவிட்டால் அது பிரேக்குக்குத் தரும் உதவி குறைந்துவிடும், அப்போது எஞ்சினாலேயே பிடித்து இறக்கும் பி (B) கியர்தான் துணை. பெட்டரி மாற்றும் செலவைத் தனி வரியாக எழுதுங்கள். கெட்ட செல் ஒன்றை மட்டும் மாற்றித் தரும் மலிவு வேலை, என் கருத்தில், விற்கப்போகிறவருக்கே உதவும்.

மூன்றாம் படி: கணக்குத் தாளைப் பிரியுங்கள்

இரண்டு கராஜில் எழுத்தில் விலை வாங்குங்கள். பொருள் தனி, கூலி தனி. இரண்டாவது பாஸிடம் முதலாவது பாஸ் என்ன சொன்னார் என்று சொல்லிவிடாதீர்கள், அப்போதுதான் அவர் தன் கண்ணால் பார்ப்பார்.

தாளில் உள்ளவற்றில் பிரேக், ஸ்டீரிங், டயர் ஆகியவற்றைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். காரை வைத்திருந்தால் இவை கட்டாயம். டயர், பிரேக் பேட், கிளச் பிளேட், பெட்டரி எல்லாம் தேய்மானச் சாமான். புதுக் காரிலும் இவற்றுக்குக் காசு போகும், அதனால் இவற்றைக் காரின் நோயாக எண்ண வேண்டாம். மிச்சமிருக்கும் எஞ்சின், கியர் பொக்ஸ், பாடி வேலைதான் உண்மையான கேள்வி. டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டை) உள்ள எஞ்சினென்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அதையும் செலவில் சேருங்கள். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பழைய புகைப் பரிசோதனை அறிக்கைகளையும் தேடி எடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடா வருடம் எடுத்ததுதானே. பெட்ரோல் காரென்றால் காபன் மொனொக்சைட், ஹைட்ரோகாபன் அளவுகள் அதில் இருக்கும். மூன்று வருட அறிக்கையை வரிசையாக வைத்தால், எஞ்சின் மெதுவாகக் களைக்கிறதா, திடீரென்று ஏதோ கெட்டதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நான்காம் படி: சாமான் கிடைக்குமா?

மாருதி, கொரோலா, சன்னி போன்றவற்றுக்கு பதுளையிலும் கண்டியிலும் சாமான் உண்டு, இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்தது கிடைக்கும். ஊரில் உங்களிடம் மட்டுமே இருக்கும் வகை என்றால், ஒரு சிறு சென்சருக்காக ஒரு மாதம் பஸ்ஸில் போக நேரலாம். எஞ்சினையே மாற்றினால், புது எண்ணை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாத காரை விற்கும்போது தலைவலி.

ஐந்தாம் படி: இடைவெளியைக் கணக்கிடுங்கள்

உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள நிலையில் உங்கள் கார் 14 இலட்சம் போகும். திருத்தச் செலவு 4 இலட்சம். மனதுக்குப் பிடித்த மாற்றுக் கார் 45 இலட்சம். இடைவெளி 31 இலட்சம். அதை லீசிங்கில் எடுத்து, வட்டி வருடத்துக்கு 15 சதவீதம் என்றால், முதல் வருட வட்டி மட்டும் 4 இலட்சத்து 65 ஆயிரம் வரை வரும். முழுத் திருத்தத்தையும் விட அது அதிகம், அதில் ஒரு ஆணி கூட உங்கள் காரில் ஏறுவதில்லை.

அதே 4 இலட்சத்தைப் போட்டு இரண்டு வருடம் ஓட்டினால் மாதத்துக்கு 16,700 ரூபாய் அளவு. அதோடு சில்லறை வேலைக்கு மாதம் 10,000 சேருங்கள். பழைய கார் சும்மா இருக்காது. அப்படியும் 27,000க்குள் நிற்கிறது. உங்கள் உண்மையான எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். போன வருடம் போட்ட காசை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். "இவ்வளவு போட்டாச்சே" என்றுதான் நானும் தரைத்தகட்டுக்கு இரண்டு முறை வெல்டிங் அடித்தேன்.

ஆறாம் படி: எல்லையை முதலே எழுதுங்கள்

கழற்றினால் உள்ளே இன்னொன்று தெரியும், அது எல்லா கராஜிலும் நடப்பது. எஸ்டிமேட்டுக்கு மேல் கால்வாசி வரை சம்மதம், அதற்கு மேல் போனால் போன் எடுத்துக் கேட்க வேண்டும் என்று பாஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லவும் மறக்காதீர்கள்.

வைத்திருப்பதாக முடிவானால் வேலை வரிசை இது: பிரேக், டயர், ஸ்டீரிங், பிறகு கூலன்ட் பக்கம், பிறகு தண்ணீர் நுழையும் வழியை அடைத்துத் துருவைச் சுரண்டுவது, கடைசியில்தான் எஞ்சின் ஓவர்ஹோல். பெயின்ட் எப்போதும் கடைசிக்கும் கடைசி.

விற்பதாக முடிவானால் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம், துருவைக் காட்டியே விலை பேசுங்கள். பெயர் மாற்றப் படிவத்தை வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வராமல், மாற்றம் நடந்ததா என்று பின்தொடருங்கள். அப்பாவின் காரை வாங்கியவர் ஒரு கராஜ்காரர். எஞ்சினைக் கழற்றி வேறொரு வண்டிக்கு வைத்துவிட்டதாகக் கேள்வி. அந்த எஞ்சின் இன்னும் கொட்டகலைப் பக்கம் ஓடுகிறதாம்.