டிராயிங்ல ஜில்லுனு இருந்த வீடு, குடிபோனதும் ஏன் கொதிக்குது? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன மாசம் சென்னை மாதவரம் பக்கம் ஒரு சைட்டுல, வீடு டிசைன் பண்ண புதுசா சேர்ந்த ரெண்டு பசங்க, "இது கரண்ட் மிச்சம் பண்ற டிசைன் சார், ஒரே ஏசி போதும்"னு ஓனர்கிட்ட அடிச்சு சொல்லிட்டிருந்தாங்க. நானும் ஒரு காலத்துல அதே மாதிரி சொல்லி மாட்டினவன், அதான் எழுதறேன்.

ஜன்னல் திறந்தே இருக்கும்னு கணக்கு போடறது

இத நெனச்சா இன்னைக்கும் எரிச்சலா வருது. கொடுங்கையூர்ல ஒரு வீடு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. கிழக்க பெரிய ஸ்லைடிங் ஜன்னல் வச்சு, கடக்காத்து நேரா உள்ள வரும்னு டிராயிங் போட்டேன். கோடைல கடக்காத்து பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் வரும், அந்த நேரம் வீடு பூட்டிக் கெடக்கும், அவங்க வந்து சேர்ற ஆறு ஏழு மணிக்கு கொசு ஆரம்பிச்சிடும், ஜன்னல சாத்திடுவாங்க, குப்பைமேட்டுப் புகை வர்ற நாள்ல கேக்கவே வேணாம். பகல் பூரா வெயில் குடிச்ச மேல்தளம் ராத்திரி முழுக்க சூட்ட உள்ள எறக்கும், ஃபேன் அந்த அனலத்தான் அடிக்கும்.

முதல் கோடையிலயே ரெண்டாவது ஏசி. அதுக்கு பாயிண்ட் விடல, அதனால புது சுவர உடைச்சு ஒயரிங் பண்ணோம். ரெண்டு மாச பில் 500 யூனிட்ட தாண்டிடுச்சு. தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, 101லேர்ந்து 200 வரைக்கும் கம்மி ரேட்டுல வந்த யூனிட்டும் சேர்ந்து ஏறும். அந்தம்மா கேட்டாங்க, "சாயங்காலமானா ஜன்னலே தொறக்க முடியாத ஏரியால ஜன்னல நம்பியா சார் வீடு கட்டினீங்க?" என்கிட்ட பதில் இல்ல. கொசுவலையும் சன்ஷேடும் என் கைக்காசுல போட்டுக் குடுத்தேன்.

வீடுகள்ல கரண்ட் மிச்சம் பண்ண மத்திய அரசு போட்ட விதிமுறை ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018. அதுல நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்கு, தரைப் பரப்புல 16.66 சதவீதமாவது திறக்கற ஜன்னல் இருக்கணும்னு போட்டிருக்கு. பசங்க ஃப்ரேம் சைஸ அப்படியே கணக்குல ஏத்திடறாங்க, ஆனா ரெண்டு கதவு ஸ்லைடிங்ல பாதிதான் திறக்கும், வலை போட்டா காத்து இன்னும் கொறையும்.

டிராயிங் போடறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவுல போய் நில்லுங்க. எத்தன வீட்டு ஜன்னல் திறந்திருக்குனு எண்ணுங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட புகை எப்பப்ப வரும்னு கேளுங்க. அப்புறம் ஜன்னல் சாத்தியிருக்கறதா வச்சு, உள்ள எவ்வளவு சூடு ஏறும்னு இன்னொரு தடவ கணக்கு போடுங்க. அதுல மேல்தளமும் மேக்கு சுவரும் தாங்கலன்னா டிசைன மாத்துங்க.

கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சிட்டு மறந்துடறது

எண்ணூர், மணலி பக்கம் லாரிப் புழுதியும் கரியும் படிஞ்சு வெள்ளை மாடி சீக்கிரமே சாம்பலாயிடும், அப்புறம் வெயில முன்ன மாதிரி திருப்பி அனுப்பாது. மார்ச்சுக்கு முன்னாடி மாடியக் கழுவணும்னு ஓனர்கிட்ட சாவி குடுக்கறப்பவே சொல்லிடுங்க.

ஏசில ஸ்டார் மட்டும் பாக்கறது

காசிமேடு, திருவொற்றியூர்ல உப்புக்காத்து அவுட்டோர் யூனிட்ட அரிச்சிடும், அரிப்பத் தடுக்கற கோட்டிங் இருக்கானு கேட்டு வாங்குங்க.

டிசம்பர் பில்ல பாத்து சந்தோஷப்படறது

மே, ஜூன் பில் வரட்டும். இப்பல்லாம் நான் கட்டின ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த பில் வந்ததும் போன் போட்டு யூனிட்ட கேட்டு, டிராயிங்ல போட்ட நம்பர் பக்கத்துலயே நோட்டுல எழுதி வைக்கறேன். முதல் வரி கொடுங்கையூர் வீடு.