சிரிக்க வைத்ததே அழவும் வைக்க வேண்டும்: 22 நிமிட அனிமேஷன் எபிசோடு எழுதும் முறை

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். அதற்குள் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்து, கடைசி மூன்று நிமிடத்தில் தொண்டையை அடைக்க வைத்த எபிசோடுகள் உண்டு. அதையே செய்யப் பார்த்து, கொஞ்சம் ஜோக், கொஞ்சம் அழுகை என்று மாறி மாறி அடுக்கியதோடு நின்றுபோனவை அதைவிட அதிகம். நன்றாக வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: சிரிப்பும் வலியும் அங்கே ஒரே பொருளிலிருந்தோ ஒரே குணத்திலிருந்தோதான் கிளம்புகின்றன. ஸ்கிரிப்டில் கை வைக்கும் முன் அந்தப் பொருளைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1995 ஜனவரியில் வந்த, மேகி பிறந்த கதையைச் சொல்லும் எபிசோடைப் பாருங்கள். குடும்ப ஆல்பத்தில் கடைக்குட்டி மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்பா ஹோமர் பழைய கதையை எடுக்கிறான். பிடிக்காத அணுமின் நிலைய வேலையைத் திமிராக உதறிவிட்டு, ஆசைப்பட்ட பௌலிங் கூடத்தில் சேர்கிறான். மூன்றாவது பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்ததும் சம்பளம் கட்டுப்படியாகாமல் பழைய முதலாளியிடமே தவழ்ந்து போகிறான். அவர் வேலையைக் கொடுத்துவிட்டு, கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகையையும் மாட்டுகிறார்: 'மறந்துவிடாதே, நீ காலத்துக்கும் இங்கேதான்.' அது ஜோக். கடைசி ஷாட்டில் மேகியின் படங்களெல்லாம் அந்தப் பலகைமேல் ஒட்டியிருக்கின்றன. மறையாமல் மிஞ்சிய ஆங்கில எழுத்துகள் 'அவளுக்காகச் செய்' என்று நிற்கின்றன. முதல் நிமிடத்தில் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். ஹோமர் ஒரே ஒரு வரிதான் பேசுகிறான்.

பொருளைத் தேடும் விதம்

உங்கள் கதாபாத்திரத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும் காரியங்களில் பத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இதை ஏன் இவரால் விட முடியவில்லை?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'அது அவர் சுபாவம்' என்பதே பதிலானால் அடித்துவிடுங்கள். பதிலில் ஓர் இழப்போ பயமோ வெட்கமோ இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். அது போதும்.

உதாரணத்துக்கு ஓர் ஆமைத் தாத்தா. ஒவ்வொரு காசையும் சின்ன நோட்டில் குறித்து வைப்பவர். பேத்திக்கு ஒரு ரூபாய் மிட்டாய் வாங்கினாலும் எழுதிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். எபிசோடின் முடிவில் பேத்தி அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்கிறாள். பாட்டியின் மருந்து, அதன் விலை, அன்றைக்குக் கையிலிருந்த தொகை, பற்றாக்குறை 40 ரூபாய். அதன் கீழே அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. கஞ்சத்தனத்தைக் கேலி செய்த நோட்டே துக்கத்தையும் சுமந்துகொண்டிருந்தது.

இது வேலை செய்ய வேண்டுமானால் நோட்டு அதற்கு முன் மூன்று தடவை வந்திருக்க வேண்டும். முதல் தடவை, இரண்டாவது நிமிடத்துக்குள், அறிமுகம்: வெறும் சிரிப்பு. இரண்டாவது தடவை, ஏழாவது நிமிடம் வாக்கில், பெரிதாகும்: கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடமே கணக்குத் தப்பு கண்டுபிடிக்கிறார். மூன்றாவது தடவை, 13ஆம் நிமிடத்தில், சிரிப்போடு ஒருவருக்குக் காயமும் பட வேண்டும்: தோழிகள் முன்னால் தாத்தா நோட்டை எடுத்ததால் பேத்திக்குத் தலைகுனிவு. பிறகு ஐந்தாறு நிமிடம் நோட்டைக் கண்ணில் காட்டாதீர்கள். இரண்டே தடவை காட்டினால் முடிவு தற்செயலாகத் தெரியும். நாலைந்து தடவை காட்டினால் 15ஆம் நிமிடத்திலேயே பார்ப்பவர் முடிவை ஊகித்துவிடுவார்.

பொருள் ஒரு பாட்டாகவும் இருக்கலாம். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2006இல் பா சிங் சே நகரத்துக் குட்டிக் கதைகளாக ஓர் எபிசோடு தந்தது. அதில் முதியவர் ஐரோவின் பகுதி சில நிமிடங்கள்தான். கடைவீதியில் சாமான் வாங்குகிறார், அழும் பையனைப் பாடிச் சிரிக்க வைக்கிறார், வழிப்பறி செய்ய வந்தவனுக்கு நிற்கும் நிலை சரியில்லை என்று திருத்திக் கொடுக்கிறார். எல்லாம் நகைச்சுவை. கடைசியில் குன்றின் மேல் கூடையைப் பிரிக்கும்போதுதான், வாங்கியது முழுக்கப் போரில் இறந்த மகனின் நினைவுப் படையலுக்கு என்று தெரிகிறது. அதே பாட்டு, இந்த முறை குரல் உடைகிறது. அழுத்தம் தர இன்னொரு பாட்டை எழுதியிருந்தால் இது பாதிகூட வந்திருக்காது. 11 நிமிடத் தொடர் எழுதுகிறவர்கள் 'அட்வெஞ்சர் டைம்' 2012இல் தந்த, ஐஸ் கிங்கும் மார்சலீனும் சேர்ந்து பாட்டு எழுதும் எபிசோடைப் பார்க்கலாம். இளவரசிகளைக் கடத்தும் கோமாளிக் கிழவன் ஐஸ் கிங்கின் கிறுக்குத்தனத்துக்குக் காரணமே, மற்றவர்கள் கேலி செய்த அவன் கிரீடம்தான்.

நிமிடக் கணக்கு

22 நிமிடத்துக்கு ஸ்கிரிப்ட் 30 முதல் 35 பக்கம் வரை போகும். அனிமேஷனில் அசைவையும் எழுத வேண்டியிருப்பதால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற சினிமா கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. தொடக்கத் துணுக்கு ஒன்றரை நிமிடம், மூன்று பகுதிகள் தலா ஆறேழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளைக்கதையைச் சிரிப்புக்கு ஒதுக்குங்கள். ஆனால் மையக் கதையின் கேள்வியையே அது வேறு குரலில் கேட்க வேண்டும். 'ஃப்யூச்சுராமா'வின் 2002 நவம்பர் எபிசோடில், ஆயிரம் வருடம் உறைந்து கிடந்து எதிர்காலத்தில் விழித்த ஃப்ரை, தன் பழைய நாயின் புதைபடிவத்தை அருங்காட்சியகத்தில் பார்க்கிறான். குளோனிங் செய்து உயிர்ப்பிக்க வழியும் கிடைக்கிறது. பக்கத்திலேயே ரோபோ பெண்டர், நாய் மேல் பொறாமைப்பட்டுக் கோமாளித்தனம் செய்கிறான். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: என்னை விட்டுவிடுவாயா? நாய் 15 வயதுவரை வாழ்ந்தது என்று தெரிந்ததும் ஃப்ரை முடிவை மாற்றிக்கொள்கிறான். தான் போன பிறகு 12 வருடம் வாழ்ந்திருக்கிறது, அதற்குள் தன்னை மறந்திருக்கும் என்று நினைக்கிறான். பிறகு வருவது வசனமே இல்லாத காட்சி: பீட்சா கடை வாசலில், பருவங்கள் மாற மாற, நாய் அதே இடத்தில் காத்திருக்கிறது. ஃப்ரைக்கு இது அந்த எபிசோடில் தெரியவே தெரியாது. பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். தெரிந்தவர் கண்ணீரைவிடத் தெரியாமல் போனவர் நிம்மதி அதிகம் வலிக்கும். யார் எதை அறியாமல் போகிறார் என்று ஸ்கிரிப்ட் விளிம்பில் குறித்து வையுங்கள்.

18ஆம் நிமிடத்துக்குள் கிளைக்கதையை மூடிவிட வேண்டும். கனமான காட்சியிலிருந்து கோமாளித்தனத்துக்கு ஒரு கட் வந்தால் பார்ப்பவர் நிம்மதியாக மூச்சு விட்டுவிடுவார். அந்த மூச்சைத் திரும்பப் பிடிக்க முழு இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவு நேரம் உங்களிடம் இருக்காது.

இருட்டுக்கு விலை உண்டு

சாவு, போதை, கைவிடப்பட்ட பிள்ளை, எதை எடுத்தாலும் அடுத்த எபிசோடில் அதன் தழும்பு தெரிய வேண்டும். எல்லாம் துடைத்துவிட்டுப் பழையபடி தொடங்கும் தொடரில் இருட்டு வெறும் அதிர்ச்சி வித்தைதான். 'ரிக் அண்ட் மார்ட்டி' 2014 எபிசோடு ஒன்றை, தாத்தா ரிக்கும் பேரன் மார்ட்டியும் தங்கள் உலகத்தையே கெடுத்துவிட்டு வேறொரு பிரபஞ்சத்துக்குப் போய், அங்கே இறந்துபோன தங்கள் இரட்டையரின் பிணங்களைத் தோட்டத்தில் புதைப்பதாக முடித்தது. அதை அப்படியே விட்டிருந்தால் குரூரமான ஒரு ஜோக், அவ்வளவுதான். சில வாரம் கழித்து, வீட்டை விட்டுப் போகத் துணிந்த அக்காவிடம் மார்ட்டி அந்தக் குழியைக் காட்டிப் பேசுகிறான். அப்போதுதான் அது கதையாகிறது.

இதை ஒழுங்காகச் செய்து காட்டியது 'போஜாக் ஹார்ஸ்மேன்' (2014–2020). முதல் சீசனில் அதன் நாயகன் போஜாக் ஹாலிவுட் மலைப் பலகையின் கடைசி எழுத்தைத் திருடுகிறான். முட்டாள்தனமான ஜோக். ஆனால் அதன்பின் அந்த ஊரின் பெயரே 'ஹாலிவூ' ஆகிவிடுகிறது, யாரும் பழைய பெயருக்குத் திரும்புவதில்லை. செய்தது செய்ததுதான் என்ற விதியை ஒரு ஜோக்கைக் கொண்டே நிறுவிவிட்டதால், பின்னால் அவன் மனிதர்களுக்குச் செய்யும் கேடுகளும் அழியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்களும் இப்படியே தொடங்குங்கள். முதல் மூன்று எபிசோடுக்குள் சின்ன ஜோக் ஒன்றுக்கு நிரந்தர விளைவு கொடுத்துவிடுங்கள். பெரிய சோகத்தைச் சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோடில் வைத்தால், மிச்சமிருக்கும் ஒன்று அதன் பின்விளைவைப் பேச இடம் தரும். போஜாக் பெரும்பாலும் கையாண்ட கணக்கு இதுதான்.

தற்கொலையைத் தொடுவதானால் முறையைக் காட்டாதீர்கள், அதைத் தப்பிக்கும் வழியாகவோ விடுதலையாகவோ சித்திரிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் திரைத்துறையினருக்கென்றே 2019இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும் முன் அதைப் படிப்பது கட்டாயம்.

முகமும் அமைதியும்

நடிகர் மூன்று விநாடி சும்மா நின்றாலும் முகத்தில் உயிர் இருக்கும். வரைந்த முகம் மூன்று விநாடி நின்றால் ஃபைல் சிக்கிக்கொண்டது மாதிரி இருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் அது 72 ஃபிரேம். அந்த நேரத்தில் ஏதாவது ஒன்று மட்டும் அசைய வேண்டும்: ஒரு கண் சிமிட்டல், மூச்சில் தோள் ஏறி இறங்குவது, ஜன்னல் திரை. இரண்டு அசைந்தால் கவனம் சிதறும். சத்தத்தையும் முழுவதாக நிறுத்தாதீர்கள், மின்விசிறியோ தூரத்து வண்டியோ கேட்கட்டும். இந்தக் காத்திருப்பை, காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டிலேயே தனிக் கட்டமாக வரைந்து, விநாடி எண்ணையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நேரத்தைச் சரிக்கட்ட எடிட்டர் வெட்டும் முதல் இடம் அதுதான்.

அழுகை முகத்தை மிகையாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. ஜோக் காட்சிகளில் வாயும் கண்ணும் எவ்வளவு விரிந்தனவோ, சோகத்தில் அவ்வளவு சுருக்குங்கள். குடம்குடமாகக் கண்ணீர் என்பது கேலிக்கு உரிய மொழி, இங்கே எடுத்தால் சிரிப்பார்கள். வண்ணத்திலும் இதே அடக்கம் வேண்டும். 1992இல் தொடங்கிய பேட்மேன் தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளிலேயே வரைந்தார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்துக்கு மட்டும் வண்ணம் போனது. டிஜிட்டலிலும் கறுப்பு அடுக்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தேவையில்லாத அலங்காரம் தானாகக் குறையும்.

அனிமேஷனுக்கு மட்டுமே முடிகிற சில காரியங்கள் உண்டு. போஜாக்கின் தாய்க்கு மறதி நோய் வந்த 2017 எபிசோடில் பின்னணி மனிதர்களுக்கு முகமே இல்லை, ஒரு பெண்ணின் முகம் மட்டும் கிறுக்கி அழிக்கப்பட்டிருக்கிறது. நினைவு போன விதத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தொடரின் 2016 கடலடி எபிசோடில் தலைக்கவசம் மாட்டிய போஜாக்கால் கிட்டத்தட்ட முழுநேரமும் பேச முடியவில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பை எழுதிக் கொடுத்தாலும் மை கரைந்துவிடுகிறது. கவசத்தில் பேசுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது என்பது கடைசியில்தான் தெரிகிறது. எபிசோடின் மிகப் பெரிய ஜோக்கும் அதுவே, மிகப் பெரிய வலியும் அதுவே.

குரலும் சோதனையும்

குரல் பதிவு அனிமேஷனுக்கு முன்பே நடப்பதால் தவறு அங்கே புகுந்தால் கடைசிவரை கூடவே வரும். கனமான வரிக்கு மூன்று டேக் எடுங்கள்: முழு உணர்ச்சியோடு, பாதியாக, பால் கணக்குச் சொல்வது மாதிரி. ஸ்டோரிபோர்டு படங்களைக் குரலோடு ஓட்டிக்காட்டும் மாதிரி வீடியோவான அனிமாட்டிக்கில் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டூடியோவில் உருக்கிய முதல் டேக் படத்தோடு சேர்ந்தால் பெரும்பாலும் அதிகப்படியாகிவிடும்.

பிறகு கதை தெரியாத ஐந்தாறு பேருக்கு அனிமாட்டிக்கைப் போட்டுக்காட்டி, எந்த விநாடியில் சிரித்தார்கள் என்று குறியுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்குப் 'நல்லா இருக்கு' என்பார்கள். மூன்றாவது நோட்டுக் காட்சியில் யாருமே சிரிக்கவில்லையா? காயம் அதிகமாகிவிட்டது, ஜோக்கை முன்னால் இழுங்கள். முதல் பக்கம் தெரியும்போது சிரித்தார்களா? அதற்கு முந்தைய 30 விநாடியில் ஒரு ஜோக் மிச்சமிருக்கிறது. பெரும்பாலும் பின்னணிச் சுவரிலிருக்கும் வேடிக்கையான போஸ்டர்தான் காரணம். முடிந்தபின் 'ஏன் அந்த 40 ரூபாய்?' என்று கேட்டார்களா? வசனம் சேர்க்காமல், நோட்டுப் பக்கத்தின் ஷாட்டை ஒரு விநாடி நீட்டுங்கள்.

இசையைத் தள்ளிப் போடுங்கள். பேத்தி பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே வயலின் எழுந்தால் அழச் சொல்லிக் கட்டளை போட்டது மாதிரி ஆகிவிடும். பார்த்து முடித்து, இரண்டு மூன்று விநாடி கழித்துத் தொடங்கட்டும். துள்ளலான முடிவுப் பாட்டு இருக்கும் தொடரானால் அந்த ஒரு எபிசோடுக்கு மட்டும் வேறு பாட்டோ வெறும் சூழல் ஒலியோ கேட்டுத் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒலியின் இறுதிக் கலவை நாளில் கேட்டால் கிடைக்காது.