இன்னொரு கரண்டி வேண்டாம்

விருந்தாளி இலையை மறித்தாலும் இன்னொரு கரண்டி வைத்துவிடுகிற கை நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கையோடு காரின் பானெட்டைத் திறப்பதால்தான் பாதி வம்பு வருகிறது. பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் நான் பார்த்த பழுதுகளில் கவனிக்காமல் விட்டதால் வந்தவை குறைவு. கூடுதலாகக் கவனித்ததால் வந்தவையே அதிகம். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் முறை இன்ஜின் ஆயிலை நானே மாற்றியபோது, மூன்று லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் இன்ஜினில் மூன்றரை லிட்டர் டப்பாவை முழுதாகக் கவிழ்த்தேன். மிச்சம் வைத்து என்ன செய்வது என்ற சிக்கனம். ஆயில் அளவுக் கம்பியின் மேல் குறியைத் தாண்டினால், இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு அதில் மோதி, மோர் கடைவதுபோல் நுரைக்க வைக்கிறது. நுரையில் இருப்பது பாதி காற்று. அது உராய்வைத் தடுக்காது. ஆயில் அழுத்தமும் குறையும். கூடுதலை வடித்து எடுப்பதற்குள் அந்த ஞாயிறு போய்விட்டது. சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுக் கம்பியைப் பார்த்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சரி. கார் சமதளத்தில் நிற்க வேண்டும். எங்கள் தெருவின் சரிவு அளவைப் பொய்யாக்கிவிடும் என்பதால் நான் கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறினால் ஆயில் முழுவதும் சாலைக்குப் போகும். வண்டி பழையது, ‘கெட்டியான’ ஆயில்தான் தாங்கும் என்று 5W-30 என்ற இளக்கமான ரகம் கேட்கும் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20W-50 ஊற்றுவதும் அதே கூடுதல் கரண்டிதான். அக்கறை காட்ட வேண்டிய இடம் வேறு. எங்கள் ஊர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இரண்டு ஆண்டு காத்திருக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட காற்றழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் காருக்கு உரியது ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். உச்சம் வரை அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பும் குறையும். வேலூர் வெயிலில் வெடித்துவிடும் என்று பயந்து, கிளம்பும்முன் காற்றைக் குறைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து தானே சூடேறும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். ஓடிய பிறகு சில புள்ளிகள் ஏறுவது இயல்பு, அதைத் திறந்துவிட வேண்டாம். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள்.

ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உப்பு படியும். காரைக் கழுவ ஒரு வாளி நீரும் துணியும் போதும். 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இந்த ஊரில் அறிவித்தது நினைவிருக்கும்.

கடைசியாகச் சக்கர நட்டு. ஒருமுறை ஸ்பானரின் மேல் ஏறி நின்று முறுக்கினேன். கிருஷ்ணகிரி தாண்டி பஞ்சரானபோது அதே நட்டு அசையவில்லை. ஒரு லாரி ஓட்டுநர் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகித் திறந்துவிட்டு, ‘யார் சார் இப்படி முறுக்கியது?’ என்றார். கடையில் என்று பொய் சொன்னேன். ஜாக்கி போட்டுத் தூக்கும்முன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மாட்டும்போது வட்டமாக அல்லாமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையை விடவே கூடாது. முறுக்கின் அளவு கையேட்டில் இருக்கிறது; பல கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். ஊர் திரும்பியதும் ஜே.சி. ரோட்டுக் கடையில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன். வேண்டிய அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். கை அப்போதும் இன்னொரு சுற்றுக்குப் போகிறது. மனைவி பக்கத்தில் நின்றால் நிறுத்திக்கொள்கிறேன்.