பரம்பரையா பசி அதிகமா? தட்டுல என்ன மாத்தணும்

எங்க கடலூர் பக்கம் கொஞ்சம் குண்டா இருந்தாலே "வாயக் கட்டு"ன்னு எல்லாரும் அட்வைஸ் பண்ணுவாங்க, ஆனா பசியக் கிளப்புறது வயித்துல சுரக்குற கிரெலின், போதும்னு மூளைக்கு சொல்றது கொழுப்புல இருந்து வர்ற லெப்டின், இது ரெண்டும் எப்படி வேலை செய்யுதுங்கிறதுல அப்பா அம்மா கொடுத்த ஜீனுக்கு நல்ல பங்கு இருக்கு. எஃப்டிஓன்னு ஒரு ஜீன், எடையோட சம்பந்தம் இருக்குன்னு 2007-ல தெரிஞ்சது. அதோட ரிஸ்க் வகை அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தவங்க ஐரோப்பாவுல பார்த்த வரைக்கும் அது இல்லாதவங்களை விட சராசரியா 3 கிலோ கூட இருந்தாங்க, சிலருக்கு சாப்பிட்ட பிறகும் கிரெலின் சரியா இறங்கல. 3 கிலோ தான், தலையெழுத்து இல்ல.

இதுக்குன்னு ஜீன் டெஸ்ட்டுக்கு காசு கொட்ட வேணாம், வீட்டுல தாத்தா, அத்தை, சித்தப்பான்னு வரிசையா குண்டா இருந்தா அதுவே போதும்.

முதல்ல காலை டிபன். ஆறு இட்லி சட்னின்னு சாப்பிட்டா பதினோரு மணிக்கே வயிறு கேக்கும், மூணு இட்லி, கெட்டி சாம்பார், கூட ரெண்டு முட்டை இல்லனா ஒரு கிண்ணம் சுண்டல் வைங்க, புரோட்டீன் தான் கிரெலினை ரொம்ப நேரம் அடக்கி வைக்கும். மதியம் சோத்தை முதல்ல போடாதீங்க, கவளை மீனோ கீரையோ பொரியலோ முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு, மெதுவா. குடல்ல இருந்து "போதும்"ங்கிற சேதி போய்ச் சேர 15-20 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ரெண்டாவது தடவை சோறு வாங்கிடுறோம், அங்க தான் மாட்டுறோம்.

பட்டினி டயட் பக்கம் போகவே போகாதீங்க. எடை வேகமா இறங்கும், ஆனா லெப்டின் குறைஞ்சு கிரெலின் ஏறி, ஒரு வருஷம் கழிச்சும் பசி கூடவே இருக்கும், இதை ஆராய்ச்சியிலயே பார்த்திருக்காங்க. ராத்திரி போன் நோண்டி தூக்கம் கெட்டாலும் இதே கதை தான்.

நடங்க. உடம்பை அசைக்கிறவங்களுக்கு எஃப்டிஓ ஜீனால வர்ற ரிஸ்க் கால்வாசிக்கு மேல குறையுது, சில்வர் பீச்சோ, சாயங்காலம் வண்டி விடாத பாண்டி பீச் ரோடோ எங்க வேணா நடக்கலாம், ஆனா முடிச்சுட்டு பஜ்ஜி கடைப் பக்கம் திரும்பாதீங்க.

ஒண்ணு மட்டும் வேற கேஸ். அஞ்சு வயசுக்குள்ளயே குழந்தை சரசரன்னு எடை ஏறி, எவ்ளோ சாப்பிட்டாலும் பசின்னு அழுதா, அது லெப்டினோ, பசியைக் கட்டுப்படுத்துற எம்சி4ஆர்ங்கிற ஜீனோ கெட்டுப்போன அபூர்வ பிரச்சனையா இருக்கலாம், குழந்தையைத் திட்டாம பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி மாதிரி ஹார்மோன் டாக்டர் இருக்கிற இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, லெப்டினே சுரக்காதவங்களுக்கு ஊசி மருந்து இருக்கு.