இங்கிலாந்துக் கிராமத்தின் பாரிஷ் கவுன்சில்: ஓராண்டு வேலையை நடத்துவது எப்படி

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குடியிருக்கும் தமிழர்கள் பலர் கவனிக்காத ஒரு செய்தி: இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், காலவரையற்ற வசிப்புரிமை கிடைத்துவிட்டால் உங்கள் ஊரின் கீழ்மட்ட உள்ளாட்சி அமைப்பான பாரிஷ் கவுன்சிலுக்கு நீங்கள் போட்டியிடலாம். காமன்வெல்த் நாட்டவருக்கு அந்த உரிமை உண்டு. 18 வயது நிறைந்து, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால் போதும். பல ஊர்களில் இருக்கும் இடங்களுக்கே ஆள் முன்வருவதில்லை. உள்ளே போனவர்களுக்கும் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் ஓராண்டில் எது எப்போது செய்யப்பட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கையேடு.

பாரிஷ் என்ற பெயர் தேவாலய வட்டாரத்தைக் குறிக்கும் சொல்லானாலும், இந்த கவுன்சிலுக்கும் தேவாலயத்துக்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. குறைந்தது 5 உறுப்பினர்கள், ஒரு கிளார்க். சிற்றூர்களில் அந்த கிளார்க்தான் நிதிப் பொறுப்பு அலுவலரும். விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், பேருந்து நிழற்குடை, தோட்டக்குத்தகை நிலம், பெஞ்சு, அறிவிப்புப் பலகை இவையெல்லாம் இதன் கையில். சாலையும் பள்ளியும் மேலே உள்ள கவுன்சில்களின் வேலை.

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆனால் வேலை அக்டோபரில் தொடங்குகிறது. இந்தச் சிறு கவுன்சில்கள் தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் பணத்தால் அல்ல. தேதி தவறுவதாலும், முதலில் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதாலும்தான்.

முதலில் கூட்ட அறிவிப்பு

ஆண்டு முழுக்கத் தேவைப்படும் கணக்கு இது. கூட்டத்துக்கு முன் முழுதாக 3 நாள் இடைவெளி வேண்டும். அறிவிப்பு போட்ட நாள், கூட்டம் நடக்கும் நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறை நாட்கள் எதுவும் இதில் சேராது. சனிக்கிழமை சேரும். செவ்வாய் மாலை கூட்டம் என்றால் வெள்ளி, சனி, திங்கள் ஆகியவை மூன்று நாள். எனவே வியாழனுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட வேண்டும். அந்தத் திங்கள் வங்கி விடுமுறையானால் புதனுக்குள். மே மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் விடுமுறை. ஆண்டின் முக்கியமான கூட்டமும் அதே மாதத்தில் வருவதால் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பெஞ்சு வாங்க ஒப்புதல் கொடுத்தால் அந்த முடிவு செல்லாது. நிரலில் ‘திடல்’ என்று ஒற்றைச் சொல் போடுவதும் போதாது. ‘திடலின் ஊஞ்சல் சங்கிலி மாற்ற வந்த விலைப்புள்ளிகளைப் பரிசீலித்து முடிவெடுத்தல்’ என்று எழுதுங்கள். கூட்டம் நடக்க மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு சிறிதானாலும் 3 பேருக்குக் குறையக் கூடாது.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: பட்ஜெட்டும் பிரிசெப்டும்

ஊர் மக்கள் கட்டும் கவுன்சில் வரியில் பாரிஷுக்கென்று சேர்க்கப்படும் தொகை பிரிசெப்ட். அதை மாவட்ட கவுன்சில் வசூலித்துத் தருகிறது. எவ்வளவு என்று முடிவு செய்வது நீங்கள்தான். ஆண்டின் வேறெந்த முடிவுக்கும் இவ்வளவு கனம் கிடையாது.

அக்டோபரில் கிளார்க் மூன்று பத்திகள் கொண்ட தாளைத் தயாரிக்க வேண்டும்: சென்ற ஆண்டு உண்மையில் செலவானது, இந்த ஆண்டு செப்டம்பர் வரை செலவானதும் மார்ச் வரை ஆகப்போவதும், அடுத்த ஆண்டு மதிப்பீடு. மதிப்பீட்டை ‘போன வருஷத்தோடு 3 சதவீதம் கூட்டு’ என்று போடாதீர்கள். கிளார்க் சம்பளம், காப்பீடு, புல்வெட்டு ஒப்பந்தம், தணிக்கைக் கட்டணம், ஊர்ப் பொதுக்கூட வாடகை, மென்பொருள் சந்தா என்று ஒவ்வொரு வரியையும் தனியாகப் பாருங்கள். புல்வெட்டு ஒப்பந்தம் முடிகிற ஆண்டா என்று நவம்பரிலேயே பார்த்து விலைப்புள்ளி கேளுங்கள். மார்ச்சில் கேட்டால் ஒப்பந்தக்காரர்கள் ஏற்கனவே வேலை பிடித்திருப்பார்கள்.

பலர் விட்டுவிடுவது ஒதுக்கு நிதி. 8 ஆண்டில் ஊஞ்சல் தொகுதியை மாற்ற 12,000 பவுண்டு ஆகும் என்றால் ஆண்டுக்கு 1,500 பவுண்டு அந்தப் பெயரிலேயே ஒதுக்கி வையுங்கள். தேர்தல் 4 ஆண்டுக்கு ஒருமுறை. போட்டி வந்தால் மாவட்ட கவுன்சில் அந்தச் செலவை உங்களிடமே கேட்கும். அதற்கும் ஆண்டுதோறும் கால் பங்கு எடுத்து வையுங்கள். இவை போக, பெயர் குறிக்காத பொது இருப்பு 3 முதல் 12 மாதச் செலவுக்குச் சமமாக இருப்பது வழக்கம். கவுன்சில் சிறியதானால் 12 மாதத்தை ஒட்டி இருப்பதே நல்லது, ஏனென்றால் ஒரு மதில் இடிந்தாலே ஆண்டு வருமானத்தில் பாதி போய்விடும்.

டிசம்பர் வாக்கில் மாவட்ட கவுன்சில் உங்கள் ஊரின் வரி அடித்தளத்தை அனுப்பும். அது ஊரில் உள்ள வீடுகளை ‘டி’ பிரிவு (வீட்டு மதிப்பை வைத்துக் கவுன்சில் வரிக்காகப் பிரித்த பிரிவுகளில் ஒன்று) வீடுகளின் எண்ணிக்கையாக மாற்றிச் சொல்லும் எண். ஓர் எடுத்துக்காட்டு: மொத்தச் செலவும் ஒதுக்கீடும் 19,400 பவுண்டு, கல்லறைக் கட்டணம், குத்தகை போன்ற வருமானம் 1,200, இருப்பிலிருந்து எடுப்பது 600. மீதி 17,600 பவுண்டு பிரிசெப்ட். வரி அடித்தளம் 320 என்றால் ‘டி’ பிரிவு வீட்டுக்கு ஆண்டுக்கு 55 பவுண்டு. புது வீடுகள் வந்து அடித்தளம் 328 ஆனால் அதே 17,600-க்கு 53.66 பவுண்டுதான் வரும். வீட்டுக்கான 55 பவுண்டை மாற்றாமல் வைத்தால் 18,040 கிடைக்கும். ஆகவே ‘பிரிசெப்ட் ஏறியதா’ என்பதையும் ‘வீட்டுக்கு வரி ஏறியதா’ என்பதையும் உறுப்பினர்கள் முன் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் குழப்பியே கூட்டங்களில் வீண் சண்டை வருகிறது.

ஜனவரிக் கூட்டத்தில் பட்ஜெட்டை முதலில் நிறைவேற்றி, பிறகு பிரிசெப்டை நிறைவேற்றுங்கள். ‘பட்ஜெட் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் நடவடிக்கைக் குறிப்பில் இருந்தால் போதாது; பிரிசெப்ட் தொகை இலக்கத்தில் இருக்க வேண்டும். சட்டப்படி கோரிக்கை மார்ச் 1-க்கு முன் போக வேண்டும், ஆனால் மாவட்ட கவுன்சில்கள் ஜனவரியிலேயே கேட்கின்றன. அனுப்பிய பின் அந்த ஆண்டில் தொகையைக் கூட்ட வழியில்லை. தங்கள் கவுன்சில் வரியை இரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் இந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளக் கூடாது. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதும் அவர் கடமை.

பிப்ரவரி, மார்ச்

இடர் மதிப்பீட்டை கவுன்சில் படித்து ஏற்றதாக மார்ச் 31-க்குள் தீர்மானம் வேண்டும். ஏப்ரலில் செய்தால் முடிந்துபோன ஆண்டுக்கு அது சேராது. உள்தணிக்கையாளரையும் இப்போதே நியமியுங்கள். அவர் உறுப்பினராகவோ, கிளார்க்கின் உறவினராகவோ, வங்கியில் கையெழுத்திடுபவராகவோ இருக்கக் கூடாது.

வாட் வரியைத் திரும்பப் பெறுவதை மறக்காதீர்கள். வாட் பதிவு இல்லாத கவுன்சில் 126 எனும் படிவத்தில் கோரலாம். 12 மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கான கோரிக்கை என்றால் தொகை 100 பவுண்டாவது இருக்க வேண்டும். ரசீது கவுன்சில் பெயரில் இருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் பெயின்ட் வாங்கிவிட்டுப் பணம் கேட்டால் அந்த வாட் போனதுதான்.

மார்ச் முதல் மே வரை: இரண்டு ஆண்டுக் கூட்டங்கள்

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பும் இடம் இது.

ஆண்டுப் பாரிஷ் கூட்டம் ஊர் வாக்காளர்களுடையது, கவுன்சிலுடையது அல்ல. மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில், மாலை 6 மணிக்கு முன்பாகத் தொடங்காமல், முழு 7 நாள் அறிவிப்போடு நடக்க வேண்டும். கவுன்சில் தலைவர் வந்திருந்தால் அவரே தலைமை. வாக்காளர் எவரும் பேசலாம், வாக்களிக்கலாம். தலைவரின் அறிக்கையை மட்டும் வாசித்தால் நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும். பள்ளி, தோட்டக் குழு, பொதுக்கூட நிர்வாகம் ஆகியோரையும் அழைத்து, தேநீரும் வைத்து, திடலுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அக்டோபர் பட்ஜெட்டுக்கு வேண்டிய யோசனை அங்கே கிடைக்கும்.

கவுன்சிலின் ஆண்டுக் கூட்டம் மே மாதத்தில். தேர்தல் ஆண்டானால் உறுப்பினர்கள் பதவியேற்கும் நாளிலோ அதன்பின் 14 நாட்களுக்குள்ளோ. முதல் வேலை தலைவர் தேர்வு. வருகைப் பதிவு, வரவேற்புரை எதுவும் அதற்கு முன் நிரலில் வரக் கூடாது. பழைய தலைவர் அதுவரை தலைமை தாங்குவார். வாக்கு சமமானால் முடிவு வாக்கைக் கட்டாயம் போடுவார். புதியவர் பதவி ஏற்பு உறுதிமொழியில் கையெழுத்திடுவார். பிறகு துணைத் தலைவர், குழுக்கள், நிலையாணைகள் (கூட்ட நடைமுறை விதிகள்), நிதி விதிகள், சொத்துப் பட்டியல், காப்பீடு, வங்கிக் கையெழுத்தாளர்கள். புதிய உறுப்பினர்கள் தொழில், நிலம் போன்ற தங்கள் சொந்த நலன்களை 28 நாளுக்குள் மாவட்டப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இந்தக் கூட்டமும் வேறு 3 கூட்டங்களும் குறைந்தபட்சம்; பெரும்பாலான ஊர்களில் மாதாமாதமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கூடுகிறார்கள். ஆறு மாதம் தொடர்ந்து வராமலும், வராததற்கு கவுன்சிலின் ஒப்புதல் பெறாமலும் இருந்தால் பதவி போய்விடும். உடல்நலக் குறைவானால் அந்த ஆறு மாதம் முடியும் முன்பே ஒப்புதல் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை: ஆண்டுக் கணக்குப் படிவம்

ஆட்சி, பொறுப்பு ஆண்டறிக்கையைச் சுருக்கமாக ‘ஏஜிஏஆர்’ என்பார்கள். மார்ச் 31 வங்கி அறிக்கையோடு பணப்புத்தகத்தை ஒத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள். ஆண்டு வரவோ செலவோ 2 லட்சம் பவுண்டைத் தாண்டாத கவுன்சில் பணம் வந்ததையும் போனதையும் மட்டும் எழுதும் வரவு-பற்று முறையிலேயே கணக்கு வைக்கலாம். அந்த முறையில் படிவத்தின் 7-ஆம் கட்டத்து இறுதி இருப்பும் 8-ஆம் கட்டத்து வங்கி இருப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு பவுண்டு வேறுபட்டாலும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் மார்ச் மாதம் கொடுத்து ஏப்ரலில் பணமான காசோலையாக இருக்கும்.

அடிக்கடி தப்பாகும் கட்டங்கள் மூன்று. 2-ஆம் கட்டத்தில் பிரிசெப்ட் மட்டும். மாவட்டம் தரும் மானியம், வாட் திரும்பியது எல்லாம் 3-இல். 4-இல் சம்பளம், தேசியக் காப்பீடு, ஓய்வூதியம் மட்டும். பயணப்படியும் வீட்டில் வேலை செய்வதற்கான படியும் 6-இல். 9-இல் நிலையான சொத்துகள் வாங்கிய விலையில் அப்படியே நிற்க வேண்டும். தேய்மானம் கழிக்கக் கூடாது, காப்பீட்டு மதிப்பு ஏறியதென்று கூட்டவும் கூடாது. சென்ற ஆண்டைவிட 15 சதவீதத்துக்கு மேல் மாறிய கட்டத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ‘செலவு கூடியது’ என்பது காரணம் ஆகாது. ‘திடல் வேலி 2,300 பவுண்டு, ஒருமுறைச் செலவு’ என்று தொகையோடு எழுதுங்கள்.

வரிசை இது: உள்தணிக்கை முடியட்டும். கவுன்சில் அந்த அறிக்கையைப் பார்க்கட்டும். நிர்வாக அறிக்கையான பகுதி 1-ஐ ஒரு தீர்மானத்தால் ஏற்கட்டும். அதன் பிறகே கணக்கான பகுதி 2, தனித் தீர்மானத்தால்; கூட்டத்துக்கு முன்பே நிதி அலுவலர் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாலையில் நடக்கலாம், ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் பகுதி 1-இன் தீர்மான எண் முந்தியும் பகுதி 2-இன் எண் பிந்தியும் இருக்க வேண்டும். எல்லாம் ஜூன் 30-க்குள். 2025–26 கணக்கிலிருந்து கவுன்சிலின் சொந்தத் தளப்பெயரில் மின்னஞ்சல், தகவல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் பகுதி 1-இல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளார்க்கின் சொந்த ஜிமெயில் முகவரி இனி உதவாது.

வரவும் செலவும் இரண்டுமே 25,000 பவுண்டைத் தாண்டாத கவுன்சில் வெளித்தணிக்கையிலிருந்து விலக்குச் சான்றிதழ் அனுப்பலாம். அதையும் ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். விலக்கு தானாக வராது. உள்தணிக்கையும் இணையத்தில் வெளியிடுவதும் அப்போதும் கட்டாயம். திடலுக்கென்று பெரிய மானியம் வரும் ஆண்டில் இந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், முன்கூட்டியே பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

கணக்கைப் பொதுமக்கள் பார்க்க, இடையறாத 30 வேலை நாட்கள் தர வேண்டும். ஜூலையின் முதல் 10 வேலை நாட்கள் அதற்குள் அடங்க வேண்டும். அறிவிப்பு, காலம் தொடங்குவதற்கு ஒரு நாளாவது முன்பாக வெளியாக வேண்டும். அறிவித்த அன்றே தொடங்குவதும், எண்ணும்போது 29 நாளாகிவிடுவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற பிழைகள். அப்படி ஆனால் அடுத்த ஆண்டுப் படிவத்தில் அதற்குரிய வரிக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லுங்கள். மறைத்தால் தணிக்கையாளர் அதையும் சேர்த்து எழுதுவார்.

கோடையில் திடல் மீது கண் இருக்கட்டும். வாரம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் சுற்றிப் பார்த்துத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஆய்வாளர் வர வேண்டும். ஊஞ்சல் கொக்கியிலும் சங்கிலியின் மேல் வளையத்திலும் தேய்மானம் முதலில் தெரியும். அறிக்கையில் ‘அதிக ஆபத்து’ என்று வந்ததை அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வைக்காதீர்கள். உடனே அதைப் பூட்டிக் கட்டிவிட்டுப் பிறகு விலைப்புள்ளி கேளுங்கள். குழந்தைக்கு அடிபட்டால் கையில் இருந்த அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சி.

கட்டட விண்ணப்பங்களுக்குக் கருத்துச் சொல்ல 21 நாள்தான். ஆகஸ்டில் பல கவுன்சில்கள் கூடுவதில்லை. அந்த இடைவெளிக்கு, உறுப்பினர்களைக் கேட்டுவிட்டு கிளார்க் பதில் அனுப்பலாம் என்று ஜூலையிலேயே தீர்மானம் போட்டு வையுங்கள். தனி உறுப்பினர் ஒருவருக்கு, தலைவரே ஆனாலும், அந்த அதிகாரத்தைத் தரச் சட்டத்தில் இடமில்லை.

வெளித்தணிக்கை உள்ள கவுன்சில்கள் தணிக்கையாளர் சான்றிதழையும் படிவத்தையும் செப்டம்பர் 30-க்குள் இணையத்தில் போட வேண்டும். அவர் குறிப்பு ஏதும் எழுதியிருந்தால் அதை நிகழ்ச்சி நிரலில் தனி வரியாக வைத்து, என்ன மாற்றம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு உள்தணிக்கையாளர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.