தேங்காய்த் துருவியை வைத்து கான்செப்ட் ஸ்கெட்ச் பழகலாம்

கான்செப்ட் ஸ்கெட்ச் என்றால் ஒரு பொருளைப் பற்றிய யோசனைகளைச் செய்து பார்ப்பதற்கு முன் தாளில் வேகமாக வரைந்து பார்ப்பது. ஒரு பொருளைப் புதிதாக டிசைன் செய்ய உட்காருகிற பலரும் முதலில் அந்தப் பொருளைத்தான் வரைகிறார்கள். நீங்கள் முதலில் கையை வரையுங்கள். தேங்காய்த் துருவியையே எடுத்துக்கொள்வோம், பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, எல்லாருக்கும் அதன் மேல் ஏதாவது ஒரு குறையும் இருக்கிறது. சமையல் மேடையில் ரப்பர் அடியை ஒட்டவைத்து, ஒரு கையால் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் தேங்காய் மூடியைப் பிளேடில் அழுத்திப் பிடிப்போமே, அந்த வகை.

வீட்டில் யாராவது துருவும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தக் கை எங்கே இருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, மூடியின் விளிம்புக்கு வரும்போது விரல் பிளேடுக்கு எவ்வளவு கிட்டே போகிறது, துருவல் தட்டில் விழுகிறதா மேடையில் சிதறுகிறதா, எல்லாவற்றையும் கிறுக்கலாகவே வரைந்துகொள்ளுங்கள். கை வரைய வராது என்று இங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கட்டைவிரல் ஒன்று, மற்ற நாலும் சேர்ந்து ஒரு கட்டை, அவ்வளவு போதும். விசை எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட அம்புக்குறி போடுங்கள், பெரிய விசைக்குத் தடித்த அம்பு. இப்படி ஒரு தாள் நிரம்பினாலே பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். ரப்பர் அடி வழவழப்பான கிரானைட்டில் நிற்கும், சொரசொரப்பான பழைய மேடையில் காற்று புகுந்து கழன்றுகொள்ளும், அப்போது ஹேண்டிலைச் சுற்றும் கை துருவியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். இது உங்கள் படத்தில் இருந்தால் போதும், தனியாகப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம்.

கருவிகளுக்குச் செலவு செய்யாதீர்கள். சாதாரண பால்பாயிண்ட் பேனா, ஜெராக்ஸ் பேப்பர். பால்பாயிண்டில் லேசாக இழுத்தால் மங்கலாகவும் அழுத்தினால் கறுப்பாகவும் ஒரே பேனாவிலேயே வரும், ஜெல் பேனாவில் அது நடக்காது. பென்சிலும் ரப்பரும் இருந்தால் அழித்துக்கொண்டேதான் இருப்பீர்கள்.

அப்புறம் ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும், கட்டத்துக்கு ஒரு யோசனை, ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாலைந்து கட்டங்களில் கடையில் ஏற்கெனவே விற்பதுதான் வரும், வரட்டும், அதைக் கடந்துதான் போக வேண்டும். சிக்கிக்கொண்டால் வடிவத்தை மாற்றாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். இப்போது மூடி நிற்க, பிளேடு சுற்றுகிறது. பிளேடு நிற்க, மூடி சுற்றினால்? அரிவாள்மனையில் மேலே உட்கார்ந்த உடம்பின் எடைதான் அதை நகராமல் பிடித்தது; மேடைக்கு வந்தபோது அந்த எடை போய்விட்டது, அதற்குப் பதில் என்ன வைக்கலாம், மேடை விளிம்பைக் கவ்வும் திருகா, கனமான கல் அடியா, சுவரில் மாட்டும் ஸ்டாண்டா? ஒரு கை மட்டுமே பயன்படுத்த முடிகிறவர் துருவ வேண்டுமென்றால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம். நன்றாக வராத கட்டத்தையும் அடித்துவிடாதீர்கள், பிறகு அதில் ஒரு மூலை மட்டும் பயன்படும்.

வடிவத்தை மட்டும் துரத்திப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க், வீட்டுப் பொருள்கள் செய்யும் இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக வடிவமைத்து 1990-ல் வெளிவந்த ‘ஜூசி சாலிஃப்’ எலுமிச்சைப் பிழிவானின் முதல் கிறுக்கல்கள், இத்தாலியில் ஒரு பீட்சா கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் போட்டவை. கணவாய் மீன் மாதிரி உருவங்களில் தொடங்கி மெல்ல மூன்று கால் பிழிவானாக மாறுவது அந்தத் தாளிலேயே தெரியும். பார்க்க அபாரமான பொருள்தான். ஆனால் வடிகட்டி கிடையாது, விதையும் சாறோடு சேர்ந்து டம்ளருக்குள் போகும். அவருடையது காட்சிப் பொருளாகவும் விற்றது, அதனால் பரவாயில்லை. நம் துருவியில் ஓடு சுரண்டி விழுந்தால் சட்னியில் கடிபடும்.

சரி, நாலைந்து யோசனைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், இனி பெரிதாக, ஏ3 தாளில். இங்கேதான் பெர்ஸ்பெக்டிவ், அதாவது பொருள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே ஆழத்தோடு வரையும் முறை, தேவைப்படுகிறது, அதிலும் துருவிக்கு முக்கியம் நீள்வட்டம். முதலில் பிளேடும் ஹேண்டிலும் மாட்டியிருக்கும் அச்சுத் தண்டை ஒரு கோடாகப் போடுங்கள். அந்தத் தண்டைச் சுற்றி வரும் எந்த வட்டமும் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும், அதன் குறுகிய அச்சு, அதாவது நீள்வட்டத்தின் நடுவே குறுகலான பக்கமாகப் போகும் கோடு, தண்டின் கோட்டோடு ஒட்டியே போக வேண்டும். இதில் தவறினால் சக்கரம் வளைந்து கோணலாக நிற்கும், எவ்வளவு ஷேடிங் போட்டாலும் சரியாகாது. அடித்தட்டு செங்குத்தாக நிற்கிற உருளை, ஆகவே அதற்குக் குறுகிய அச்சு செங்குத்து. மேடைப் பொருளை நாம் மேலிருந்து பார்க்கிறோம், கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் விரிந்து வட்டத்தை நெருங்கும், அதனால் அடித்தட்டின் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கும். நீள்வட்டம் போடும்போது மணிக்கட்டால் வரையாதீர்கள். தோளிலிருந்து கையை அசைத்து, பேனா தாளில் படாமல் காற்றில் இரண்டு சுற்று சுற்றி, அந்த வேகத்திலேயே தாளில் இறக்குங்கள். கோடு இரண்டு மூன்றாக விழுந்தால் விழட்டும்.

கோட்டின் தடிமனுக்கு ஒரு சின்ன ஒழுங்கு: பொருளின் வெளி விளிம்பு தடிப்பு, இரண்டு பாகங்கள் சேரும் இடம் நடுத்தரம், பரப்பு எப்படி வளைகிறது என்று காட்டும் கோடு மெலிசு. ஷேடிங்குக்கு ஒரே ஒரு சாம்பல் மார்க்கர், வெளிச்சம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து. சாதாரண பேப்பரில் மார்க்கர் பின்பக்கம் ஊறும், அடியில் ஒரு தாள் வையுங்கள்.

பலர் விட்டுவிடுவது வெட்டுத்தோற்றம். பொருளை நடுவில் அறுத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு படம். தண்டு எதில் சுழல்கிறது, பிளேடைக் கழற்றிக் கழுவ முடியுமா, தேங்காய்ப் பால் உள்ளே இறங்கினால் எங்கே தேங்கும் என்பதெல்லாம் அழகான வெளிப்படத்தில் ஒளிந்துகொள்ளும், வெட்டுத்தோற்றத்தில் ஒளிய முடியாது. என்னைக் கேட்டால் வண்ணம் தீட்டும் நேரத்தை இதில் செலவிடலாம்.

இப்போது காட்டுவது. யாரிடம் என்பதைப் பொறுத்துத் தாள் மாறும். பட்டறை வைத்திருப்பவர் எத்தனை பாகம், எது வார்ப்பு, எது தகடு, எத்தனை திருகு என்று பார்ப்பார், அவருக்குப் பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படம் வேண்டும். சமைப்பவருக்கு நாலு கட்டத்தில் ஒரு சின்னக் கதை போதும்: எடுப்பது, பொருத்துவது, துருவுவது, கழுவி வைப்பது. இரண்டு பேருக்கும் படத்தில் ஒரு கை இருக்க வேண்டும், கை இல்லாவிட்டால் அளவு புரியாது. முடிந்தால் ஒரு படத்தையாவது நிஜ அளவிலேயே வரைந்து எடுத்துப்போங்கள். அந்தத் தாளின் மேல் கையை வைத்துப் பார்க்காதவர்களே இல்லை.

எல்லாக் கான்செப்டும் ஒரே கோணத்தில், ஒரே அளவில், ஒரே பக்குவத்தில் இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்ததை மட்டும் வண்ணம் தீட்டி, மற்றதைப் பேனாக் கோட்டில் விட்டால் வண்ணம்தான் ஜெயிக்கும், அது கொஞ்சம் ஏமாற்று வேலையும்கூட. சீக்கிரமாகவே எல்லாவற்றையும் மெருகேற்றினால் இன்னொரு தொல்லை, “இது பச்சையில் வருமா” என்றுதான் பேச்சு போகும். கிறுக்கலாக இருந்தால் “இது வழுக்காதா” என்று கேட்பார்கள், உங்களுக்கு வேண்டியது அந்தக் கேள்வி. எண் போடாமல் பெயர் வையுங்கள், கவ்வும் துருவி, கல் துருவி, சுவர்த் துருவி என்று, பேசும்போது குழப்பம் வராது. குறிப்பு எழுதினால் நாலைந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம், “பிளேடு கழலும்” என்பது போதும்.

பேசும்போது படத்தை விளக்கிக்கொண்டே போகாதீர்கள். பிரச்சினை தெரியும் அந்த முதல் கிறுக்கல் தாளை மேலே வைத்து அதிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் கான்செப்ட் தாள்களை மேசையில் பரப்பி அவர்கள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிடுங்கள். அசல் தாளில் கிறுக்கத் தயங்குவார்கள், நகல் எடுத்துப் போவது நல்லது. அவர்கள் போட்ட கோடுகளோடு அந்த நகல்களைத் தேதி எழுதி, பகல் வெளிச்சத்தில் போனில் படம் பிடித்து வையுங்கள், அடுத்த சுற்று வரைதலை அங்கிருந்து தொடங்கலாம்.